நாயோடு கடற்கரை விடுமுறை: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

நாய்க்குப் ‘போதும்’ என்று சொல்லத் தெரியாது. கடற்கரையில் நாய்களுக்கு நேரும் பெரும்பாலான ஆபத்துகளுக்கு வேர் இதுதான். பந்தை எறிய எறிய நுரை தள்ளும்வரை ஓடும். தாகம் எடுத்தால் எதிரில் இருக்கும் உப்புத் தண்ணீரையே குடிக்கும். கரை தூரமாகிப் போனதைக் கவனிக்காமல் பந்தைப் பார்த்தே நீந்தும். எங்கே உட்காருவது, எவ்வளவு நேரம், எப்போது கிளம்புவது என்பதையெல்லாம் கூடப் போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றை, வீட்டில் தயாராவதில் தொடங்கித் திரும்பி வந்த பிறகு கவனிப்பது வரை சொல்கிறோம்.

எல்லா நாயையும் அழைத்துப் போகலாமா?

கூடாது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டி, தையல் பிரிக்காத நாய், இனச்சேர்க்கைப் பருவத்தில் இருக்கும் பெண் நாய், இதயக் கோளாறோ மூச்சுக் கோளாறோ உள்ள வயதான நாய் ஆகியவற்றை நம்பகமான ஒருவரிடம் விட்டுப் போவதே நல்லது. பக், புல்டாக், ஷீட்ஸு போன்ற தட்டை முக நாய்களை அழைத்துப் போவதென்றால் விடியற்காலை அரை மணி நேரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

காரணம் எளிது. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். உடம்புச் சூட்டை அது மூச்சிரைத்துத்தான் இறக்குகிறது. நாக்கிலும் மூச்சுப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடம்பு தணிகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம் என்பதால் ஆவியாதல் மெதுவாகிறது. காற்று சிலுசிலுவென்று அடிக்கிறதே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நாய்க்குச் சூடு ஏறியிருக்கலாம். முகம் தட்டையாக உள்ள நாய்க்கு மூச்சுப் பாதையே குறுகலானது. அதற்கு இரட்டைச் சிரமம்.

ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டியவை

கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் (இரண்டும் நாய்களைத் தாக்கும் வைரஸ் நோய்கள்), எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கச் சொல்லுங்கள். ஊசி போட்டவுடன் பாதுகாப்பு வந்துவிடாது. அதனால்தான் இந்த மூன்று வார இடைவெளி. உண்ணி, தெள்ளுக்கு மருந்து, குடற்புழு மருந்து இரண்டையும் அப்போதே பேசி முடித்துவிடலாம். போகிற பகுதியில் கொசு அதிகம் என்றால் இதயப்புழுத் தடுப்பு மருந்தைப் பற்றியும் கேளுங்கள். இதயப்புழு கொசுக்கடி வழியாகத்தான் பரவுகிறது.

கழுத்துப் பட்டையில் உங்கள் கைபேசி எண் பொறித்த வில்லை தொங்க வேண்டும். மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தும் அடையாளச் சிப்) போட்டிருந்தால் அதில் பதிவான எண் இப்போது நீங்கள் பயன்படுத்தும் எண்தானா என்று பாருங்கள். பழைய எண்ணோடு கிடக்கும் சிப்பால் பயனில்லை.

பயிற்சிதான் அதிக நாள் எடுக்கும். கடலோசையில் நம் குரல் எடுபடாது. இருபது மீட்டர் தள்ளிப் போய்விட்டால் பெயரைக் கத்திக் கூப்பிட்டாலும் காதில் விழாமல் போகலாம். அதனால் ஒரு விசிலுக்கு நாயைப் பழக்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே விசில் ஊதிய மறுநொடி அதற்கு மிகப் பிடித்த தீனியைக் கொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை போதும். அந்தத் தீனி வேறு எந்த நேரத்திலும் கிடைக்கக் கூடாது. அடுத்த வாரம் பக்கத்து அறையிலிருந்து ஊதுங்கள், பிறகு வெளியே திறந்தவெளியில் நீளக் கயிற்றோடு, கடைசியாக மற்ற நாய்கள் இருக்கும் இடத்தில். விசிலை ஒருபோதும் குளிப்பாட்டவோ திட்டவோ கூப்பிடுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாவது முறை வராது.

இரண்டாவது பயிற்சி, ‘விடு’ என்றால் வாயில் இருப்பதைக் கீழே போடுவது. கரையில் செத்த மீன், தூண்டில் இரை, எலும்புத் துண்டு என்று என்னென்னவோ கிடக்கும். நாய் ஒன்றைக் கவ்விவிட்டால் துரத்தாதீர்கள். பிடுங்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் உடனே விழுங்கிவிடும். நின்ற இடத்திலிருந்தே அதைவிட நல்ல தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள்.

மிதவைச் சட்டை வாங்குவதென்றால் எடை அளவை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து வாங்குங்கள். பட்டைகளை மாட்டிய பிறகு இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். முதுகில் உறுதியான கைப்பிடி இருப்பது அவசியம். அலையில் தடுமாறும் நாயைத் தூக்க அதுதான் உதவும். வீட்டில் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று போட்டுப் பழக்கி, ஆழமில்லாத, ஓட்டமில்லாத தண்ணீரில் ஒருமுறை சோதித்த பிறகே கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். நனைந்ததும் பட்டைகள் சற்றுத் தளரும். அப்போது மறுபடி இழுத்து மாட்டுங்கள்.

தங்கும் இடம்

‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ என்ற ஒரு வரியை நம்பி முன்பதிவு செய்யாதீர்கள். தொலைபேசியில் இவற்றைக் கேளுங்கள்: எடை வரம்பு உண்டா, தரைத்தளத்தில் அறை கிடைக்குமா, நாயை அறையில் தனியாக விடலாமா, சாப்பிடும் இடத்துக்குக் கூட்டி வரலாமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு, வளாகத்தில் வேறு நாய்கள் அவிழ்ந்து திரிகின்றனவா, எலி மருந்து வைத்திருக்கிறார்களா. கடைசிக் கேள்வி பலருக்குத் தோன்றுவதே இல்லை. எலி மருந்து நாய்க்கும் விஷம். அறைக்குள் நுழைந்ததும் நாயை வெளியே ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் கட்டிலடி, அலமாரிப் பின்புறம், கழிவறை மூலை எல்லாவற்றையும் குனிந்து பார்த்துவிடுங்கள். மாடி அறை என்றால் பால்கனிக் கம்பி இடைவெளியில் நாயின் தலை நுழையுமா என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தக் கடற்கரையில் நாய்களுக்கு அனுமதி உண்டா என்பது தனிக் கேள்வி. பல கரைகளில் குளிக்கும் பகுதிக்குள் நாய்க்குத் தடை இருக்கும். சில இடங்களில் குறிப்பிட்ட நேரத்துக்கோ, ஆமைகளும் பறவைகளும் முட்டையிடும் பருவத்துக்கோ மட்டும் தடை இருக்கும். உள்ளூர் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுப் போங்கள், கரையில் உள்ள பலகையையும் படியுங்கள்.

அருகில் உள்ள கால்நடை மருத்துவமனையின் எண், அது திறந்திருக்கும் நேரம், இரவில் யாரை அழைப்பது என்ற மூன்றையும் கைபேசியில் சேமித்து வையுங்கள். தடுப்பூசிப் புத்தகத்தையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

பையில் என்ன?

நல்ல தண்ணீர்தான் முதலில். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மி.லி. என்பது பொதுக் கணக்கு. 15 கிலோ நாய் என்றால் 750 முதல் 900 மி.லி. கடற்கரை நாளில் அதை இரட்டிப்பாக்கி, அதில் ஒரு லிட்டரையாவது கரைக்கே கொண்டுபோங்கள். மடக்குக் கிண்ணம் ஒன்று போதும்.

வழக்கமாகச் சாப்பிடும் உணவையே, தங்கும் நாட்களுக்கும் கூடுதலாக இரண்டு நாளுக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் புது உணவு கொடுத்தால் பேதி வந்தபின் காரணம் உணவா கடல்நீரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வீட்டில் படுக்கும் துணியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள். அதன் வாசனையில்தான் முதல் இரவு தூங்கும்.

கயிறு இரண்டு வேண்டும். ஒன்று வழக்கமான ஒன்றரை மீட்டர் கயிறு. இன்னொன்று 5 முதல் 10 மீட்டர் நீளக் கயிறு. பருத்தி நனைந்தால் கனக்கும், மணலைப் பிடித்துக்கொள்ளும். ரப்பர் போன்ற மேற்பூச்சு உள்ள நாடா நல்லது. நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் மாட்டக் கூடாது. ஓடிவரும் நாய் கயிறு முடியும் இடத்தில் சடாரென்று நின்றால் கழுத்தில்தான் அடி விழும். மார்பைச் சுற்றிய ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் வேண்டாம். இழுக்கும் வேகத்தில் விரல் முறியும்.

முதலுதவிப் பையில் டிஜிட்டல் வெப்பமானி, உப்புக்கரைசல் (சலைன்) பாட்டில், காஸ் துணி, தானாக ஒட்டும் கட்டுத்துணி, இடுக்கி, கத்தரிக்கோல், உண்ணி எடுக்கும் கருவி ஆகியவை இருந்தால் போதும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால், இபுப்ரோஃபென் இரண்டும் நாயின் உடலுக்குக் கடும் கேடு.

வழியில்

கிளம்புவதற்கு 3 முதல் 4 மணி நேரம் முன்பு பாதி வயிறு உணவு கொடுங்கள். காரில் கூண்டு அல்லது ஹார்னஸில் மாட்டும் பெல்ட் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சிறுநீர் கழிக்க விடுங்கள். கதவைத் திறக்கும் முன்பே கயிறு மாட்டியிருக்க வேண்டும், ஏனெனில் பயணத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் கதவு திறந்த அந்த ஒரு நொடியில்தான். சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் என்று காருக்குள் விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதால் அது பெரிதாகக் குறையாது.

முதல் நாள்

போய்ச் சேர்ந்ததும் நேராகத் தண்ணீருக்கு ஓடாதீர்கள். அறையை முகர்ந்து பார்க்க விடுங்கள், சுற்றுவட்டாரத்தில் கயிற்றோடு நடத்துங்கள், மாலையில் கரைக்கு ஒரு பதினைந்து இருபது நிமிடம் மட்டும் போய் வாருங்கள்.

கடலை முதல் முறை பார்க்கும் நாயின் உடலைக் கவனியுங்கள். வால் கால்களுக்கு நடுவே போயிருக்கிறதா, காது பின்னால் படிந்திருக்கிறதா, கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா? எல்லாம் பயத்தின் அறிகுறிகள். அந்தத் தூரத்திலேயே நின்று தீனி கொடுங்கள். அதுவாக முன்னே போனால் நீங்களும் போங்கள். தூக்கிக்கொண்டு போய் அலையில் விட்டால் நீச்சல் வராது. கடல் என்றாலே ஓட்டம் பிடிக்கும் நாய்தான் மிஞ்சும்.

மறுநாள் ஈரமணல், அதன் பிறகு கணுக்கால் அளவுத் தண்ணீர், அதன் பிறகு மார்பளவு என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். நீங்கள் எப்போதும் நாய்க்கும் கடலுக்கும் நடுவே நில்லுங்கள். அலை முதலில் உங்கள் காலில் மோதி வேகம் குறைந்து நாயிடம் போகும். அது உள்ளே இழுபட்டாலும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மணலும் வெயிலும்

சூரியன் உதித்து இரண்டு மணி நேரம் வரை, பிறகு வெயில் சாய்ந்த பின். நாயோடு கரைக்குப் போக இவை இரண்டுதான் நேரம். நடுப்பகல் முழுக்க அறையில், நிழலில், தூக்கத்தில் கழியட்டும். விடுமுறையின் பாதி நேரம் வீணாகிறதே என்று சிலருக்குத் தோன்றும். நாயோடு போகிற விடுமுறை இப்படித்தான் இருக்கும், அதற்கு மனம் தயாராகவில்லை என்றால் நாயை வீட்டில் விட்டுப் போவது இருவருக்கும் நல்லது.

மணலில் புறங்கையை ஏழு விநாடி அழுத்தி வையுங்கள். சுட்டால் நாயின் காலுக்கும் சுடும். வண்டி நிறுத்திய இடத்திலிருந்து கரை வரையுள்ள தார்ச்சாலையையும் இப்படியே சோதியுங்கள். மணலைவிட அதுதான் பலமுறை அதிகம் சுடும்.

நிழல் நகரும் என்பதை மறந்துவிடுகிறோம். ஏழு மணிக்குக் குடை விரித்த இடத்தில் எட்டு மணிக்கு நாய் வெயிலில் கிடக்கும். கூடாரம் போடுவதானால் இரண்டு பக்கமும் திறந்திருக்கட்டும், மூடிய கூடாரத்தில் சூடு அடைபடும். நிழலில் ஒரு சாண் ஆழம் மணலைத் தோண்டிக் கொடுத்தால் அடியில் உள்ள ஈர மணலில் நாய் வயிற்றை வைத்துப் படுத்துக்கொள்ளும்.

வெள்ளை ரோமம், மெல்லிய ரோமம் உள்ள நாய்களுக்கு மூக்கு, காது நுனி, வயிறு ஆகிய இடங்கள் வெயிலில் வெந்துபோகும். நாய்களுக்கென்று தயாரித்த களிம்பைத்தான் தடவ வேண்டும். மனிதர்களுக்கான பல களிம்புகளில் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது, நாய் அதை நக்கினால் விஷமாகும். வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று இரட்டை ரோம நாய்களை (மேலே ஒன்று, அடியில் ஒன்று என இரண்டு அடுக்கு ரோமம் உள்ளவை) மழிக்கவும் வேண்டாம். அந்த ரோமம்தான் வெயிலைத் தோலில் படாமல் தடுக்கிறது.

உலர்ந்த மணலில் கால் புதையப் புதைய ஓடுவது தசைக்கும் முழங்கால் மூட்டின் தசைநாருக்கும் பெரும் பாரம். ஓட விட வேண்டுமென்றால் கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் இறுகிய ஈரமணலில் விடுங்கள். ஓத நேரங்களை (கடல் ஏறி இறங்கும் நேரங்களை) முன்கூட்டியே பார்த்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாறை முனையைச் சுற்றி நடந்து போனவர்கள் திரும்பி வருவதற்குள் தண்ணீர் ஏறி வழியை மூடிவிடும். பாறைகளில் கொட்டலசு (கூரான ஓடுள்ள சிறு கடலுயிரி) ஒட்டியிருந்தால் நாயின் உள்ளங்கால் கிழியும். அப்பகுதியை விட்டு விலகியே நடங்கள்.

கடலைப் பார்த்து இடம் தேர்ந்தெடுப்பது

நாய் முதலில் இறங்க ஏற்றது, சரிவு குறைந்த, அலை நாயின் முழங்காலுக்கு மேல் எழாத கரை. கரை செங்குத்தாக இறங்கி அலை நேராக மணலில் வந்து அறையும் இடம் ஆகாது. அங்கே முட்டியளவுத் தண்ணீரே நாயைப் புரட்டிப் போட்டுவிடும்.

இறங்கும் முன் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் அலைகளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் கருத்து, அமைதியாகத் தெரிகிறதா? நுரையும் குப்பையும் அதன் வழியாகக் கடலுக்குள் நகர்கின்றனவா? அதுதான் இழுப்பு நீரோட்டம். அலை இல்லாததால் புதியவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று நினைத்து நாயை இறக்குவார்கள். கரையில் சேர்ந்த தண்ணீர் மொத்தமும் கடலுக்குத் திரும்பும் வழி அது. நல்ல நீச்சல்காரனாலும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

நாய் அதில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? முதலில், நீங்கள் குதிக்காதீர்கள். நாயைக் காப்பாற்ற இறங்கி மனிதர்கள் மூழ்கிப் போயிருக்கிறார்கள். உயிர்காப்பாளரை அழைக்கச் சொல்லிவிட்டு, கரையோரமாகவே பக்கவாட்டில் முப்பது நாற்பது மீட்டர் ஓடுங்கள், அலை வெள்ளையாக உடையும் பக்கமாக. அங்கே நின்று விசிலை ஊதுங்கள், கையை அசையுங்கள். நாய் உங்களை நோக்கித்தான் நீந்தும். நீங்கள் நேர் எதிரே நின்றால் அது நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி இருந்த இடத்திலேயே களைத்துப்போகும். நீங்கள் பக்கவாட்டில் நகர்ந்தால் அதுவும் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வரும், அங்கே அலையே அதைக் கரைக்குத் தள்ளும். இந்த ஒன்றை மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், குழந்தைகளுக்கு முதலில்.

தண்ணீரிலிருந்து எடுத்த நாய் நினைவிழந்து மூச்சில்லாமல் கிடந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து, வாயை மூடிப் பிடித்து மூக்கின் வழியாக இரண்டு முறை மார்பு உயர ஊதுங்கள். பிறகு மார்பை அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குமாறு முப்பது முறை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகம். மருத்துவரிடம் போய்ச் சேரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றித் தொடருங்கள். அதுவாகவே எழுந்து நடந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் பல மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாக வெளிப்படலாம்.

உப்புத் தண்ணீரும் பந்தும்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது குடலுக்குள் போனதும் உடம்பில் உள்ள நீரை அங்கே இழுக்கிறது. கொஞ்சம் குடித்த நாய்க்குச் சில மணி நேரத்தில் தண்ணீராகப் பேதியாவது இதனால்தான். நிறையக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஏறி வாந்தி, தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு என்று போகும், உயிருக்கே ஆபத்து.

தாகத்தால் குடிப்பது பாதிதான். மீதிப் பாதி பந்தால் போகிறது. பந்தைக் கவ்விக்கொண்டு நீந்தும் நாய்க்கு வாய் திறந்தே இருக்கிறது, ஒவ்வொரு அலைக்கும் ஒரு மடக்கு உள்ளே போகிறது. வாயை ஏறக்குறைய மூடிக்கொண்டு கவ்வக்கூடிய, தட்டையான, மிதக்கும் பொம்மை நல்லது. ஐந்தாறு எறிதலுக்கு ஒரு ஓய்வு, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர். நாய் வந்து கேட்கும் என்று காத்திருக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் கேட்காது. கிண்ணத்தை மூக்கருகில் வைத்தும் குடிக்கவில்லை என்றால் பொம்மையைப் பைக்குள் மறைத்துவிட்டு இரண்டு நிமிடம் உட்காருங்கள், குடிக்கும்.

கடல்நீர் குடித்த நாய் தள்ளாடினாலோ நடுங்கினாலோ, ஒரேயடியாக நிறைய நல்ல தண்ணீர் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். சோடியம் சட்டென்று இறங்கினால் மூளை வீங்கும். சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

மணல் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டென்னிஸ் பந்தின் பஞ்சில் ஈரமணல் ஒட்டும். நாய் அதைக் கவ்வும்போது பல் தேயும், மணல் வயிற்றுக்குள் போகும். மூக்கை விட்டுத் தோண்டும் நாயும் கணிசமாக விழுங்கும். மணல் குடலில் திரண்டு அடைத்துக்கொண்டால் வாந்தி, வயிறு இறுக்கம், மலம் வராமை, சோர்வு ஆகியவை தெரியும். வீட்டு வைத்தியமாகப் பேதி மருந்து கொடுக்க வேண்டாம். எக்ஸ்ரேயில் மணல் தெளிவாகத் தெரியும், மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும்.

கரையில் கிடப்பவை

தூண்டில் முள்ளும் நைலான் நரம்பும் மீன் பிடிக்கும் கரைகளில் நிறையக் கிடக்கும். இரை வாசனைக்கு நாய் முள்ளையும் சேர்த்து விழுங்கும். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள், உள்ளே முள் தொண்டையையோ குடலையோ கிழிக்கும். நரம்பை ஒட்ட வெட்டாமல் நீளமாக விட்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், எங்கே போயிருக்கிறது என்று தேட அது உதவும்.

ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீன் இவற்றில் மிக மோசமானது. அதன் உடலில் உள்ள டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு நரம்புகளை முடக்கும். பின்கால் தளர்ந்து, தள்ளாடி, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கலாம். மாற்று மருந்து கிடையாது. தின்றதைப் பார்த்துவிட்டால் அறிகுறி வரட்டும் என்று ஒரு நிமிடமும் காத்திராமல் ஓடுங்கள்.

சொறிமீன் (ஜெல்லிமீன்) கரையில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும். கொட்டிய இடத்தை நல்ல தண்ணீரில் கழுவினால் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மேலும் வெடிக்கும். கடல்நீராலேயே கழுவி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். மணலைப் போட்டுத் தேய்க்கக் கூடாது. முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவமனைதான்.

ஆமை முட்டையிடும் பருவத்தில் இரவிலும் விடியலிலும் நாயை அவிழ்த்து விடாதீர்கள். ஒரு கூட்டைத் தோண்ட அதற்குச் சில நிமிடம் போதும், நூறு முட்டை போய்விடும். தரையில் கூடு கட்டும் கரையோரப் பறவைகளும் நாய் துரத்தினால் கூட்டை விட்டுப் பறந்துவிடும், வெயிலில் முட்டைகள் வெந்து கெடும்.

நாயின் மலத்தை மணலில் புதைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கொக்கிப் புழுவின் முட்டைகள் ஈரமான, சூடான மணலில்தான் நன்றாகப் பொரிக்கும். வெறுங்காலோடு அங்கே விளையாடும் குழந்தையின் தோலைத் துளைத்து அந்த இளம்புழுக்கள் உள்ளே போகும், தோலுக்கடியில் நெளிநெளியாக அரிப்புத் தடம் ஓடும். ஆகவே பையில் அள்ளிக் குப்பைத் தொட்டி வரை கொண்டுபோக வேண்டும். ஒரு நாளுக்குக் குறைந்தது நான்கு பைகள் இருக்கட்டும். இடம் மாறினால் நாய் அதிகமுறை போகும்.

சூடு ஏறிவிட்டால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். ஈறின் நிறத்தை வீட்டில் இருக்கும்போதே பார்த்துப் பழகுங்கள். மேலுதட்டைத் தூக்கினால் பல்லுக்கு மேலே இளஞ்சிவப்பாக, வழுவழுவென்று ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்பும். (கறுப்பு ஈறு உள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்பக்கத்தைப் பாருங்கள்.) சூடு ஏறும்போது ஈறு செக்கச் செவேலென்று ஆகும், பிசுபிசுக்கும். நாக்கு அகலமாக விரிந்து நுனி மேலே சுருளும். எச்சில் கயிறு போலத் திரளும். நிழலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியும் இரைப்பு குறையாது. அடுத்த கட்டம் தள்ளாட்டமும் வாந்தியும். 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும்.

முதலில் குளிர வையுங்கள், பிறகு வண்டி ஏற்றுங்கள். நாய் நினைவோடு இருந்தால் கையில் எந்தத் தண்ணீர் இருந்தாலும் உடம்பு முழுக்க ஊற்றுங்கள். கடல்நீரும் ஆகும், குடிக்கத்தான் ஆகாது. கழுத்து, வயிறு, தொடை உட்புறம் தோல்வரை நனைய வேண்டும். விசிறுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி விடாதீர்கள். சற்று நேரத்தில் அது சூடாகி வெப்பத்தை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். ஆசனவாயில் வைத்த வெப்பமானி 39.5 காட்டியதும் நனைப்பதை நிறுத்துங்கள், அதற்குமேல் குளிர வைத்தால் உடல் வெப்பம் அளவுக்கு மீறி இறங்கிவிடும். வண்டியில் ஏசியைப் போட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போங்கள். சிறுநீரகம், இரத்தம் உறைதல் ஆகியவற்றில் கோளாறு மறுநாள்தான் தெரியவரும்.

தினமும் திரும்பியதும்

உப்பும் மணலும் ரோமத்தில் காய்ந்தால் தோல் வறண்டு அரிக்கும், நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கும். தினமும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும், ஷாம்பு தினமும் வேண்டாம். முதுகில் ஊற்றுவதோடு விட்டுவிடாமல் அக்குள், தொடை இடுக்கு, வயிறு, வாலடி எல்லாம் அலசுங்கள். ஹார்னஸ் படும் இடத்தில் மணல் சிக்கினால் அடுத்த நாள் உரசிச் சிவக்கும், ஆகவே ஹார்னஸையும் அலசி உலர்த்துங்கள். பாதத்துக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஒரு காலைத் தூக்கி, விரல்களை விரித்து, ஒவ்வொரு இடுக்கிலும் கட்டைவிரலை விட்டு நீர் ஓட விட்டால் கெட்டியாகத் திரண்ட மணல் உருண்டை வெளியே வரும். நகத்தடியில் சிப்பித் துணுக்கு செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காதை உலர்ந்த காஸ் துணியால் விரல் போகும் ஆழம் வரை துடையுங்கள், பஞ்சுக் குச்சி விட வேண்டாம். காது தொங்கும் நாய்களுக்குக் காற்றோட்டம் இல்லாததால் உள்ளே ஈரம் தங்கிச் சீழ் பிடிப்பது எளிது. கண்ணில் மணல் போயிருந்தால் உப்புக்கரைசலை ஊற்றிக் கழுவுங்கள். கண்ணை மூடியே வைத்திருந்தாலோ காலால் தேய்த்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அடர்ந்த ரோமம் உள்ள நாயைத் தோல்வரை உலர்த்த வேண்டும். மேல் ரோமம் காய்ந்து அடியில் ஈரமிருந்தால் ஒரே இரவில் சிவந்து நீர் வடியும் புண் தோன்றும்.

வீடு திரும்பிய பின்

மறுநாள் ஒரு வேளை மலம் சற்று இளகிப் போனால், நாய் சுறுசுறுப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை கவலை வேண்டாம். ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ, இரத்தம் கலந்தாலோ, கூடவே வாந்தி இருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். வால் அடியிலிருந்து சற்று நீட்டி அப்படியே தொங்கிப் போய், ஆட்ட முடியாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். நெடுநேரம் நீந்திய நாய்களுக்கு வால் தசை பிடித்துக்கொள்வது உண்டு. ஓய்வு கொடுத்தால் சில நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் சரியாகும். தலையை அடிக்கடி உதறினால் காதில் தொற்று, ஒரு காலையே நக்கிக்கொண்டிருந்தால் முள்ளோ கீறலோ. நீந்தும்போது தண்ணீர் புரையேறிய நாய்க்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் இருமல், காய்ச்சல், வேகமான மூச்சு வந்தால் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் போனால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உண்ணிக்காகக் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை ஒரு வாரம் தினமும் தடவிப் பாருங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மலப் பரிசோதனை ஒன்று செய்து, மறுபடி குடற்புழு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.